புருஷன் பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு

1

சென்ற வாரம் மேலதிகாரித் துரையிடமிருந்து எனக்கு முத்திரை குத்திய நீளமான உறை ஒன்று வந்தது. கோர்ட்டுத் துபாஷியாகிய நான், எனக்குச் சம்பந்தமில்லாத துறைமுக டிப்போவுக்குள், கப்பலில் வந்திறங்குகிறவர்களைப் பதிந்துகொள்ளும் இடத்துக்குள் புகுந்து, பதிவு நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து உரத்த குரலில் கத்தி, கிளார்க்கின் வேலைக்கு இடைஞ்சல் செய்தேனாம். ஏழு நாளுக்குள் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

கத்தினேன், வாஸ்தவம். கல்படிக்குக் கீழே நின்ற தோணிக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "சொல்லு தாயி! அவுக பேரைச் சொல்லு! இங்கன சொல்லலேன்னா எங்கனயும் சொல்ல முடியாமப் போயிரும்!" என்று கத்தினேன். கிளார்க் பேனாவைக் கீழே போட்டுவிட்டான். இரண்டு சேவகர்கள் என் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

டெல்லியில் தர்பார் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் இந்த மொரீசுத் தீவின் கூத்து உங்களுக்குத் தெரியாது. கொடி இங்கிலீஷ்காரனுடையது, சட்டம் பிரெஞ்சுக்காரனுடையது, முதுகு நம்முடையது. அந்தச் சட்டத்தை நம் ஆட்களுக்குத் தமிழில் சொல்லுவதும், நம் ஆட்கள் சொல்லுவதை ஜட்ஜுக்கு இங்கிலீஷில் சொல்லுவதும்தான் என் வேலை. அவர்கள் தமிழில் அழுவார்கள். நான் அதை அழாமல் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பு என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

துரைக்கு நான் எழுதும் விளக்கம் இரண்டு வரியில் முடிந்துவிடும். முழு விளக்கத்தை ஊரிலிருக்கும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்கள் பெண்கள்தான் கப்பலேறி வருகிறார்கள்.

2

மகாராணி காலமான மறு வருஷம் நான் இங்கே வந்தேன். அதே கப்பலில் சேரன்மாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு புதுத் தம்பதி வந்தார்கள். அவன் சுடலைமுத்து, கரும்பு வெட்ட ஒப்பந்தம் எழுதியவன். அவள் சண்முகவடிவு, கல்யாணமாகி நாலு மாசம். கப்பலில் நான் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தபோது வடிவுதான் கஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு அண்ணாச்சி. நான் கிறிஸ்து வேதக்காரன், அவள் மாடனைக் கும்பிடுகிறவள். கப்பலில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

இறங்கினதும் ஆண்களை ஒரு வரிசையாகவும் பெண்களை ஒரு வரிசையாகவும் பிரித்தார்கள். டிப்போவின் துபாஷி அன்றைக்குக் காய்ச்சலில் படுத்துவிட்டான். சட்டை போட்டு இங்கிலீஷ் பேசிய என்னைக் கிளார்க் விரலை நீட்டிக் கூப்பிட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்த அன்றைக்கே துரைத்தன வேலை! மேஜைக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றேன்.

வடிவின் முறை வந்தது. பெயர் சொன்னாள். தகப்பன் பெயர் சொன்னாள். ஊர் சொன்னாள். "புருஷன் பெயர்?" என்று கிளார்க் கேட்டான். நான் தமிழில் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நாடியால் ஆண்கள் வரிசையைக் காட்டி, "அன்னா நிக்காகளே, அவுகதான்" என்றாள்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் பக்கத்துப் பெண்பிள்ளை புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். வடிவு அதில் இன்னும் ஒரு படி மேலே. சுடலைமாடன் என்று சாமி பெயரைக்கூடச் சொல்லமாட்டாள், மாடசாமி என்பாள். முத்துமாலையைப் பாசிமாலை என்பாள்.

நான் கிளார்க்கிடம், "அவன் பெயர் எனக்குத் தெரியும், துரை" என்று ஆரம்பித்தேன். "உன்னைக் கேட்கவில்லை, அவள் வாயிலிருந்து வரவேண்டும்" என்று வெட்டிவிட்டான். திரும்பவும் அவளிடம் சொன்னேன். "பேரைக் கேக்காக, தாயி."

"எப்படி அண்ணாச்சி சொல்லுவேன்? பேரைச் சொன்னா அவுக ஆயுசு கொறையும்லா?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே கிளார்க்கிடம், "அவள் சொல்லமாட்டாள், துரை" என்றேன். அவன் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தான். பக்கத்துக் கட்டத்தில் "கல்யாணம் ஆகாதவள்" என்று எழுதினான். எழுதியதை நான் படித்தேன். அந்த வரிசையில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு கோடுதானே, சவம் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

3

நம் ஊரில் சர்க்கார் உத்தரவு எப்படி வரும்? வெட்டியான் தமுக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக வருவான். காது கேளாதவன்கூட அவன் கை ஆடுவதைப் பார்த்து என்னவே சங்கதி என்று கேட்டுத் தெரிந்துகொள்வான். தமுக்கு அடிக்காத உத்தரவை எங்கள் தெருவில் ஒருவரும் மதித்ததில்லை. அடித்தால்தானே உத்தரவு!

இங்கே கெஜட்டில் அச்சிடுகிறார்கள். அச்சிட்டு இத்தனை நாள் கழிந்தால் சட்டம் உயிர் பெற்றுவிடும். அதன் பிறகு தீவிலுள்ள அத்தனை பேருக்கும் அது தெரியும் என்று வைத்துக்கொள்வார்கள். தெரியும் என்று 'வைத்துக்கொள்வார்கள்', கவனியுங்கள். கெஜட்டு இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் வரும். கரும்புக் காட்டில் விடியற்காலை நாலு மணிக்குக் கத்தி எடுக்கிறவனுக்கு அது தெரியுமாம். எனக்குத் தெரியாது என்று அவன் கோர்ட்டில் வந்து சொன்னால், சட்டம் தெரியாதது ஒரு சாக்காகாது என்று ஜட்ஜ் சொல்வார். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி என் நாக்கு தடித்துப்போயிற்று.

இப்படி ஒரு உத்தரவு நாங்கள் வந்து ஏழெட்டு வருஷம் கழித்து வந்தது. வேறு தேசத்தில் தங்கள் வழக்கப்படி கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்கள், சர்க்கார் கச்சேரிக்குப் போய்ச் சொல்லிப் பதிந்துகொள்ளலாம் என்று. அதற்கு ஒரு கெடு. கெஜட்டில் பார்த்ததும் எனக்கு வடிவின் கோடு ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆராதனை முடிந்த கையோடு போனேன். சுடலைமுத்து அதற்குள் ஒப்பந்தம் முடிந்து, ஒரு துண்டு நிலம் வாங்கி, கரும்பும் கத்தரியும் போட்டு, கல்லும் மண்ணுமாக ஒரு வீடும் கட்டியிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். கத்தரிச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவன் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தான்.

"ஏன்வே, எனக்கு என்ன இனிமேத்தான் கல்யாணமா? ஊரு கூடி, மேளம் கொட்டி, மாடன் முன்னால கட்டுன தாலிவே அது. இங்கன உள்ள வெள்ளக்காரன்கிட்டப் போயி, சாமி, இவ எம் பொண்டாட்டின்னு எழுதிக்கிடுங்கன்னு நிக்கச் சொல்லுதீரா? அப்பம் இத்தன வருசமும் இவ யாரு? எம் புள்ள யாரு?"

வடிவும் உள்ளேயிருந்து சொன்னாள். "ரெண்டாம் மட்டம் தாலி கெட்டுனா ஊரு சிரிக்கும், அண்ணாச்சி."

கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறதென்று எனக்கே தோன்றியது, அதுதான் கோளாறு. கத்தரிக்காய் ஒரு துண்டு நிறைய வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கெடு முடிந்தது.

எனக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. நானும் எஸ்தரும் கோயிலில் கட்டிக்கொண்டவர்கள். பாதிரியார் பதிவுப் புத்தகத்தில் எழுதி, நகல் எடுத்துக் கொடுத்தார். அந்த நகல் என் தகரப் பெட்டியில் இருக்கிறது. எந்தச் சட்டம் வந்தாலும் எனக்கு அது சலாம் போடும். அதே தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவளுக்கு ஒரு கோடு.

4

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மலைக்காய்ச்சலில் சுடலைமுத்து இறந்துபோனான். பதினாறு முடிவதற்குள் இசக்கி வந்து நின்றான்.

இசக்கி சுடலைமுத்துவின் சித்தப்பா மகன். எங்களுக்கு இரண்டு வருஷம் பின்னால் வந்தவன். அவனுக்கு வேலை பிடித்துக் கொடுத்ததும், முதல் ஒரு வருஷம் சோறு போட்டதும் வடிவும் சுடலைமுத்துவும்தான். அவன் ஒரு வக்கீலைப் பிடித்துக் கோர்ட்டில் மனுப்போட்டான்: அண்ணன் கல்யாணம் ஆகாமலே செத்தான், வீடும் நிலமும் ரத்த உறவாகிய எனக்குச் சேர வேண்டும், அங்கே இருக்கும் பெண்ணையும் பிள்ளையையும் வெளியேற்ற வேண்டும்.

பிள்ளை என்றால் பொன்னுத்தாய், அப்போது ஒன்பது வயது. அவளுடைய பிறப்புக் காகிதத்தை எடுத்துப் பார்த்தோம். தோட்டத்து ஆள் ஒருவன் போய்ப் பதிந்திருக்கிறான். தாயின் டிப்போச் சீட்டைப் பார்த்திருக்கிறார்கள். கல்யாணம் ஆகாதவள் என்று கண்டதும் தகப்பன் பெயர் என்ற இடத்தில் இன்னொரு கோடு. கோடு குட்டி போட்டிருக்கிறது!

நான் நேரே இசக்கியைத் தேடிப் போனேன். கடைத்தெருவில் வைத்துப் பிடித்தேன்.

"ஏலே இசக்கி, வடிவு கல்யாணத்துல பந்தியில எல போட்டது நீதானலே?"

"போட்டேன் அண்ணாச்சி. இல்லங்கல."

"அப்பம் எந்த வாயால கல்யாணம் ஆகலன்னு சொல்லுத?"

"நான் எங்க சொல்லுதேன்? காயிதம்லா சொல்லுது. சட்டம் என்ன சொல்லுதோ அதான எனக்கும்? நீங்க கோர்ட்டுல இருக்கிய, ஒங்களுக்குத் தெரியாததா?"

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "செத்த மூதி, ஒன் அண்ணன் போட்ட சோறு ஒன் வயித்துல கல்லாப் போவும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அன்று வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. என் மகன் இந்தத் தீவுக்காரர்கள் பேசும் கிரியோல் பாஷையில், அந்த ஆள் சட்டப்படிதானே கேட்கிறான், அப்பா ஏன் குதிக்கிறார் என்று அவன் அம்மாவிடம் கேட்டான். இங்கே பிறந்தவன். அவனுக்குத் தாலி என்றால் கழுத்தில் கிடக்கிற ஒரு கயிறு.

5

வடிவுக்கு ஒரு கறுப்பு வக்கீல் கிடைத்தார். இளவயதுக்காரர், தீவிலேயே பிறந்த கிரியோல். நல்ல மனிதர். அவர் சொன்ன இரண்டு சங்கதிகளை நான் மறக்க மாட்டேன்.

ஒன்று, சட்டம் முன்னால் பார்த்து நடக்கும், பின்னால் திரும்பாது. நேற்று நடந்ததை இன்றைக்கு வந்த சட்டம் தொடாது. இது எனக்குப் புரியாதா? எங்கள் மாமாவுக்குப் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் வயல் இருந்தது. ஒரு வருஷம் புதிதாக வந்த அதிகாரி தண்ணீர் முறையை மாற்றி, முந்தின ராத்திரி பழைய முறைப்படி தண்ணீர் பாய்ச்சினவர்களுக்கெல்லாம் தண்டம் என்றார். மாமா வாய்க்கால் கரையில் நின்று, "நேத்துப் பாஞ்ச தண்ணிக்கு இன்னைக்குச் சட்டமாய்யா? வேணும்னா வயல்லருந்து எறச்சுக்கிட்டுப் போங்க" என்றார். கூட்டம் சிரித்தது. அதிகாரி தண்டத்தை விட்டுவிட்டார். ஆக, கெடு முடிந்தாலும் அது வடிவின் பழைய கல்யாணத்தைக் கலைக்காது.

இரண்டாவது, ஒரு காரியம் எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர் முறைப்படி சரியாக நடந்திருந்தால், அது எல்லா இடத்திலும் சரி. சேரன்மாதேவியில் கட்டிய தாலி கடல் தாண்டினால் அவிழ்ந்துவிடாது. ஆனால் காகிதத்தில் இருப்பதுதான் நிற்கும், அதைப் பொய் என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். "ஊரிலிருந்து அத்தாட்சி வரவழையுங்கள்" என்றார் வக்கீல்.

ஊருக்கு எழுதினேன். பதில் வர நாலு மாசம். கிராம அதிகாரி ஒருவர் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: "கடல் கடந்து போன மேற்படி பெண்ணைப் பற்றி இவ்விடத்தில் யாதொரு தகவலும் இல்லை." யாதொரு தகவலும் இல்லையாம்! அவள் பிறந்து, வளர்ந்து, பூப்பெய்தி, வாய்க்கால் கரையில் துணி துவைத்து, கல்யாணமும் நடந்த ஊர். கப்பலேறினால் ஆள் செத்த மாதிரியா? இங்குள்ள கிளார்க் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதியாவது உங்கள் மேலும் உண்டு. அவனுக்காவது அவளைத் தெரியாது.

கடைசியில் வடிவின் தம்பிதான் ஆளைச் சேர்த்தான். கல்யாணத்துக்குத் தவில் வாசித்தவரையும் பந்தல் போட்டவரையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போய்ப் பிரமாணம் செய்ய வைத்து, முத்திரை போட்ட காகிதத்தை அனுப்பினான். தவில்காரர் தன் வாக்குமூலத்தில், மாப்பிள்ளை தாலி கட்டும்போது கை நடுங்கியதால் கெட்டிமேளத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டி வந்தது என்று சொல்லியிருந்தார். அதைப் படித்துக் காட்டியபோது வடிவு முதல்முதலாக அழுதாள்.

6

விசாரணை நாளில் நான் சாட்சிக் கூண்டில் ஏறுகிறேன் என்றேன். ஏறினால் துபாஷியாக நிற்க முடியாது, அப்புறம் தமிழே ஒழுங்காகத் தெரியாத ஒருவனைப் போடுவார்கள், ஊர்க் காகிதமே போதும் என்று வக்கீல் தடுத்துவிட்டார். ஆகவே பதினோரு வருஷம் கழித்து மறுபடியும் நான் ஒரு மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். வடிவு எதிரே நின்றாள். பொன்னுத்தாய் பின்பெஞ்சில் எஸ்தரோடு உட்கார்ந்திருந்தாள்.

ஜட்ஜ் ஊர்க் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். கல்யாணம் நடந்தது சரி, ஆனால் அந்தச் சண்முகவடிவு இந்தப் பெண்தான் என்பதற்கு என்ன என்று கேட்டார். டிப்போச் சீட்டை எடுத்து நீட்டிக்கொண்டு இசக்கியின் வக்கீல் எழுந்தார். "இறங்கிய அன்று இவளிடம் புருஷன் பெயரைக் கேட்டார்கள். இவளுக்குச் சொல்ல ஒரு பெயரும் இருக்கவில்லை. இப்போதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்."

ஜட்ஜ் என்னைப் பார்த்தார். நான் கேட்டேன். "உன் புருஷன் பெயர் என்ன?"

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். இசக்கியின் முகத்தில் சிரிப்பு ஓடியது. அவனுக்குத் தெரியும். பெஞ்சில் இருந்த நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரியும். நான் ஜட்ஜ் பக்கம் திரும்பி, "எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு, பிரபு" என்று ஆரம்பித்தேன். "துபாஷி கேட்ட கேள்வியை மட்டும் சொல்லட்டும்" என்றார்.

இரண்டாம் தடவை கேட்டேன். குனிந்த தலை நிமிரவில்லை. ஜட்ஜ் பேனாவை எடுத்தார். அந்தப் பேனா காகிதத்தை நோக்கி இறங்குவதைப் பார்த்ததும் எனக்கு டிப்போவில் இழுத்த கோடு ஞாபகத்துக்கு வந்தது. மூன்றாம் தடவை என் வாயிலிருந்து கோர்ட்டுத் தமிழ் வரவில்லை.

"சொல்லிரு தாயி. சொல்லலேன்னா வீடும் போயிரும், புள்ளைக்கு அப்பனும் இல்லாமப் போயிரும்."

அவள் நிமிர்ந்தாள். "போன ஆயுசு இனிமே எங்கன கொறையப் போவுது?" என்றாள். பிறகு கோர்ட்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "சுடலைமுத்து. மாடக்கண்ணு மவன் சுடலைமுத்து. அவுகதான் எம் மாப்பிள்ள."

நான் இங்கிலீஷில் சொன்னேன். ஜட்ஜ் முதல் வாக்கியத்தையும் சொல் என்றார், சொன்னேன். அவர் ஊர்க் காகிதத்தை எடுத்து, அதிலிருந்த மாப்பிள்ளை பெயரையும் தகப்பன் பெயரையும் ஒத்துப் பார்த்து எழுதிக்கொண்டார். தகப்பனுடைய பெயரை அம்மா வாயிலிருந்து பொன்னுத்தாய் கேட்டது அன்றுதான் முதல் தடவை. எஸ்தர் பிற்பாடு சொன்னாள், பிள்ளை அந்தப் பெயரை உதட்டுக்குள்ளே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

வீடும் நிலமும் வடிவுக்கே என்று தீர்ப்பானது. பிறப்புக் காகிதத்திலும் கோட்டை அடித்துப் பெயரை எழுத உத்தரவு.

வெளியே வந்ததும் நம் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, அண்ணாச்சிதான் ஜெயித்துக் கொடுத்தார் என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள்ளே அப்படி ஒரு நினைப்புத்தான். வடிவு மட்டும் கூட்டத்தில் நிற்காமல் என் பக்கத்திலேயே நடந்தாள். படியிறங்கிப் பாதிக்கு வந்த பிறகு நின்றாள்.

"அண்ணாச்சி, இந்தப் பேரை அன்னைக்கே சொல்லியிருப்பேன்லா?"

"எப்படித் தாயி சொல்லியிருப்ப? ஆயுசு கொறையும்னு நீதான..."

"ஆயுசு கொறையும்னு மட்டுந்தான் எனக்குத் தெரியும். சொல்லலேன்னா புள்ளைக்கு அப்பன் இல்லாமப் போவும்னு எனக்கு யாரு சொன்னா? இன்னைக்குச் சொன்னிய. அன்னைக்கும் நீங்கதான பக்கத்துல நின்னிய? படிச்சவுக நீங்க ஒருத்தர்தான நின்னிய?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பொன்னுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். கெஜட்டையும் கிளார்க்கையும் கிராம அதிகாரியையும் திட்டிக்கொண்டே இருந்த எனக்கு அன்று திட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை.

7

அது நடந்து இன்றைக்கு ஒரு வருஷம். அதற்குப் பிறகு கப்பல் வருகிற நாளெல்லாம் நான் டிப்போ வாசலில் போய் நிற்கிறேன். சென்ற வாரம் வந்த பெண் களக்காட்டுக்காரி. பதினெட்டு வயசுகூட இராது. கேள்வி கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு நாடியால் காட்டினாள். கிளார்க் பேனாவை மையில் தோய்த்தான். அப்போதுதான் உள்ளே பாய்ந்து கத்தினேன்.

அவள் பயந்துபோய்ச் சொல்லிவிட்டாள். கிளார்க் அந்தப் பெயரைத் தாறுமாறாக எழுதினான். எழுதட்டும், கட்டத்தில் பெயர் இருக்கிறது.

துரைக்கு விளக்கம் இன்று காலை எழுதி முடித்தேன். மன்னிப்புக் கேட்டு எழுது, வேலை போய்விடும் என்று எஸ்தர் அழுதாள். இரண்டு வரிதான் எழுதியிருக்கிறேன். 'சென்ற வாரம் கத்தியதற்கு என்னிடம் விளக்கம் ஏதும் இல்லை. இதே மேஜைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கத்தாமல் நின்றதற்குத்தான் நான் விளக்கம் சொல்ல வேண்டும், அதைத் தாங்கள் கேட்கவில்லை.'